திருவனந்தபுரத்தில் வேளைச் சோறு



இந்த ஊர் வீடுகளில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டாலும் அதற்குப் பெயர் காப்பிதான். பிராதல் என்றும் சொல்வார்கள். நம் கன்னியாகுமரிக்காரர்களும் ‘காப்பி குடிச்சாச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள். 1956 வரை அவர்களும் இந்த ஊர் ஆட்சிக்குள்தானே இருந்தார்கள். நடுப்பகலில் ஊணு, இரவில் அத்தாழம். கோயிலில் நடை சாத்துமுன் நடப்பதும் அத்தாழ பூஜைதான். இந்தப் பெயர்கள் எதிலும் கடிகாரம் இல்லை. நாலுமணிப் பலகாரம் ஒன்றுதான் மணியைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. அது பள்ளிக்கூடம் விடும் நேரம். பழம்பொரியோ அவலோ, பிள்ளை பையை இறக்கும்போது தட்டில் தயாராக இருக்க வேண்டும்.

ஆக, எல்லாப் பெயரும் உண்பவரின் பொழுதைச் சொல்கின்றன. சமைப்பவரின் பொழுது எதிலும் இல்லை என்பதுதான் என் வாதம். இது அரசு ஊழியர் நகரம். தலைமைச் செயலகம் 10.15க்குத் தொடங்கும். ஊணு ஒரு மணிக்குத்தான் என்றாலும், வாட்டிய வாழையிலையில் சோறு, தோரன், தேங்காய்ச் சம்மந்தி, முட்டை என்று பொதிச்சோறு கட்டுவது காலையிலேயே முடிந்தாக வேண்டும். இரண்டு வேளைச் சமையல் ஒரே விடியலில் நெருக்குகிறது. பல வீடுகளில் சமைப்பவரே அலுவலகம் ஓடுகிறவரும்கூட. அந்தக் காலத்திலும் பெண்கள் விடியலில்தானே அடுப்பு மூட்டினார்கள் என்று கேட்பீர்கள். மூட்டினார்கள்தான், அவர்கள் பாடும் லேசானதல்ல. ஆனால் பல வீடுகளில் முந்தைய இரவுச் சோறே பழங்கஞ்சியாகிக் காலை வேளையைக் கழித்துவிடும். மதியச் சோறு மதியத்தை ஒட்டி வெந்தது. இரண்டையும் ஒன்றாக இழுத்துக் கட்டியது ஆபீஸ் மணி.

மிக்ஸியும் ஃபிரிட்ஜும் வந்துவிட்டனவே என்பது அடுத்த கேள்வி. அவை கையின் வேலையைக் குறைத்தன. எழுந்திருக்கும் நேரத்தை மாற்றவில்லை. அதை மாற்ற முயல்வது கேரள மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் 2024 மார்ச்சில் இங்கே தொடங்கிய ‘லஞ்ச் பெல்’. காலையில் செயலியில் சொல்லிவிட்டால் மதியத்துக்குள் எவர்சில்வர் அடுக்கில் சாப்பாடு அலுவலகத்துக்கே வந்துவிடும். தொடங்கியபோது விலை 60 ரூபாய். அங்கேயும் சமைப்பது பெண்கள்தானே என்றால், அந்த வேலைக்குக் கூலி உண்டு, கணக்கு உண்டு. வீட்டு அடுப்படியில் இரண்டுமே இல்லை. நம் ஊர் அலுவலகங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும். மகளிர் குழுக்களில் இருக்கும் உங்கள் சிநேகிதர்களிடம் இதைப் பேசிப் பாருங்கள்.