ரெண்டு லைன், ஒரே கம்பம்

மும்பையில் வீட்டில் உட்கார்ந்தபடியே பங்கு வியாபாரம் பார்க்கும் நம்மாட்கள் நிறைய. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கும் எங்க அத்தானும் அதில் சேர்த்தி. கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆகி, வந்த பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, தினமும் காலை 9.15க்கு டாண் என்று உட்கார்ந்துவிடுவார். "மாப்ள, நீ பொட்டி தட்டுற வேலதான பாக்க, இந்த நெட்டு அந்து போகாம ஒரு வழி பண்ணிக் குடு" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். செம்பூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

அத்தான் விவரமானவர்தான். ஏற்கனவே ரெண்டு கம்பெனி லைன் போட்டிருந்தார். ஒண்ணு போனால் இன்னொண்ணு. ஆனால் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், ரெண்டு கேபிளும் ஒரே கம்பத்தில், ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, ஒரே சந்து வழியாக வருகின்றன! தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறவர் கம்பத்தை அசைத்தால் ரெண்டும் சேர்ந்தே போகும். உள்ளே, ரெண்டு ரவுட்டரும் ஒரே பிளக் பாயின்ட்டில். பில் மட்டும் ரெண்டு :-)

அத்தானைச் சிரிக்க முடியாது மக்களே. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ். அங்கேதான் தேசியப் பங்குச் சந்தை. அவர்களுக்கே இது நடந்தது. 2021 பிப்ரவரி 24, காலை 11.40க்கு வியாபாரம் மொத்தமாக நின்றது. ரெண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பல லைன்கள் வாங்கி வைத்திருந்தார்களாம். ரெண்டு பேர் பக்கமும் ஒரே நாளில் கோளாறு என்று அவர்களே அறிவித்தார்கள். மறுபடி 3.45க்குத் திறந்து 5 மணி வரை நடத்தினார்கள். அந்த நீட்டிப்பு அறிவிப்பு கடைசி நேரத்தில்தான் வந்தது. அதற்குள் பல தரகர்கள், அன்றன்றைக்கே முடிக்க வேண்டிய கணக்குகளை மும்பைப் பங்குச் சந்தை வழியாக முடித்துவிட்டார்கள். மாலை சந்தை ஜிவ்வென்று ஏறி சென்செக்ஸ் ஆயிரம் புள்ளிக்கு மேல் கூடுதலாக முடிந்தது. காலையில் வாங்கி வைத்து, மதியம் விற்கப்பட்டுவிட்டவர்கள் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

அதனால் நான் முதலில் செய்தது, ஒரு லைனை வெட்டியது. ஒரு ஃபைபர் போதும். ரெண்டாவது, வேறு கம்பெனி சிம் போட்ட ரவுட்டர். கம்பமே வேண்டாம், காற்றில் வரட்டும். ஆனால் லேபர் கேம்ப் மாதிரி நெருக்கமான இடத்தில் சிக்னல் எல்லா மூலையிலும் கிடைக்காது. நாலு பேரிடம் சிம் இரவல் வாங்கி, வியாபார நேரத்திலேயே வீடு முழுக்க அலைந்து பார்த்துத்தான் மாடி ஜன்னலைத் தேர்ந்தெடுத்தோம். ரெண்டையும் ஒரு டூயல் வேன் ரவுட்டரில் செருகிவிட்டால் ஒன்று செத்ததும் மற்றதுக்குத் தானே மாறிக்கொள்ளும். சில நொடி ஆகும். ஐபி முகவரி மாறுவதால் மறுபடி லாகின் கேட்கலாம், பயப்படக் கூடாது.

அடுத்தது கரண்ட். 2020 அக்டோபர் 12 ஞாபகம் இருக்கிறதா? காலை பத்து மணிவாக்கில் மும்பை மொத்தமும் இருட்டு, லோக்கல் ரயில் நடுவழியில். பங்குச் சந்தை மட்டும் பாட்டுக்கு ஓடியது. நம் வீட்டில் கரண்ட் இல்லையென்று சந்தை காத்திருக்காது. ரவுட்டருக்கும் ஃபைபர் டப்பாவுக்கும் பெரும்பாலும் 12 வோல்ட்தான் வேண்டும். சின்ன மினி யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வாங்குவதைவிட லேப்டாப் நல்லது. கேபிள்காரர் வைத்திருக்கும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, அதற்கு பேட்டரி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீட்டு விளக்கு எரிந்து அவர் பெட்டி அணைந்தால் என்ன பிரயோஜனம்?

இதையெல்லாம்விட முக்கியம் ஒன்று. ஸ்டாப்-லாஸ் ஆர்டர் பங்குச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அப்புறம் நம் வீட்டு நெட் போனாலும் அன்றைக்கு அது அங்கேயே நிற்கும். மனசுக்குள் வைத்திருக்கும் ஸ்டாப்-லாஸ் நெட்டோடு போய்விடும். தரகர் ஆபீஸ் ஃபோன் நம்பரையும் கிளையன்ட் ஐடியையும் காகிதத்தில் எழுதி காலண்டர் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.

வேலை முடிந்து கை கழுவப் போனால் அடுக்களையில் அக்கா மெதுவாக, "தம்பி, அது அப்பப்ப அந்து போற மாதிரியே வச்சிரேன். அந்த நேரமாவது சும்மா இருப்பாவ" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பக்கம் போன தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதில் நெட் அறுந்து நஷ்டப்பட்டவர் எத்தனை பேர் இருப்பார்? பெரும்பாலோர் நெட் நன்றாக இருக்கும்போதே விட்டவர்கள்தான்.

சாப்பிடும்போது அத்தானிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆப்ஷன்ல எவ்வளவு போச்சுன்னு உங்க அக்காட்ட சொல்லல மாப்ள" என்றார். அக்கா ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொகையை அவரே சொன்னார். இங்கே எழுத மாட்டேன். சின்னவள் காலேஜ் ரெண்டு வருஷ ஃபீஸுக்குக் கொஞ்சம் குறைவு.

அன்று மாலையே எஃப் அண்ட் ஓ வசதியை முடக்கச் சொல்லி தரகருக்குக் கோரிக்கை அனுப்பினோம். புது லைனில்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, உறுதி செய்து எஸ்எம்எஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.