கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

பாரிஸ் மாநகரிலுள்ள தூய சுல்பீஸ் ஆலயத்தில் இரு பெரிய தீர்த்தத் தொட்டிகள் உள்ளன. அவை கல்லில் குடைந்தவை அல்ல. கடலில் வாழ்ந்த இராட்சதச் சிப்பி ஒன்றின் இரு ஓடுகளே அவை. வெனிஸ் குடியரசு பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிஸுக்கு அன்பளிப்பாக அளித்த அவ்வோடுகளை, 1745-ஆம் ஆண்டில் பதினைந்தாம் லூயி மன்னர் அவ்வாலயத்திற்கு வழங்கினார். அவற்றைத் தாங்கி நிற்கும் பாறை வடிவச் சலவைக்கல் பீடங்கள் பிகால் என்னும் சிற்பியின் கைவண்ணம். நம் ஆலயங்களிலும் தீர்த்தத் தொட்டியைச் சிப்பி வடிவில் அமைக்கும் வழக்கம் உண்டு. விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் வரையும் நம்மில் எத்தனை பேர், அத்தகைய ஓட்டுக்குள் உயிரும் உணர்வுமாய் வாழ்ந்த ஒன்றைப் பற்றி எண்ணிப் பார்த்திருப்போம்?

எனக்கு அந்த எண்ணத்தை ஊட்டியவர் ஜெர்மனி நாட்டில், ரைன் ஆற்றை அடுத்த ஒரு சிற்றூரில் நான் பணியாற்றியபோது அறிமுகமான முதியவர் ஒருவர். உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வரவேற்பறையில் ஏறத்தாழ 500 லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. கடலே இல்லாத ஊரில், வெளியே பனி பெய்துகொண்டிருக்க, அந்தக் கண்ணாடிச் சுவருக்குள் பவளங்களும் வண்ண மீன்களும் வெப்பக் கடலின் வாழ்வை வாழ்ந்துகொண்டிருந்தன. தொட்டியின் நடுவே, ஆளுக்கொரு பாறையைப் பற்றிக்கொண்டு, சாண் நீளமுள்ள இரு சிப்பிகள். நீலமும் பச்சையுமாய் மின்னும் சதை விளிம்பை விரித்து அவை ஒளியை நோக்கியிருந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன், உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகளாக அவற்றை வாங்கி வந்தவர் அவருடைய துணைவியார். அந்த அம்மையார் இறந்து அப்போது ஈராண்டு ஆகியிருந்தது. அத்தொட்டியை அவர் எவ்வளவு கவனத்தோடு பேணினார் என்பதற்கு வேறு காரணம் கூற வேண்டுமா?

இச்சிப்பிகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். நம் கடற்கரை மக்கள் மட்டி என்று அழைக்கும் உயிரினங்களுக்கு இவை நெருங்கிய உறவு. இக்குடும்பத்தில் மிகப் பெரிய இனம் ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டு, 200 கிலோவுக்கும் மேல் எடை கொள்ளும். நம் முதியவர் வளர்த்தவை ‘மாக்சிமா’ என்னும் சிறிய இனம். இவற்றின் சதை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. சிப்பி பாசிக்கு இடம் தருகிறது. பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்துச் சிப்பிக்குப் பகிர்கிறது. அதனால்தான் அது வெளிச்சத்தை நோக்கி விரிகிறது.

ஆண் தன்மையும் பெண் தன்மையும் ஒரே சிப்பியில் அமைந்திருப்பது மற்றொரு விந்தை. இளமையில் ஆணாக மட்டும் இருந்து, வளர்ந்தபின் இரண்டுமாக ஆகிவிடுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் முதலில் விந்தணுவை நீரில் வெளியிடும். சற்று இடைவெளி விட்டே முட்டைகளைச் சொரியும். தன் விந்து தன் முட்டையோடு சேர்ந்துவிடாதபடி இயற்கை வகுத்த ஒழுங்கு அது. முட்டைகளோடு கலந்து வரும் ஒருவகைப் பொருள் நீரில் பரவி, அண்டையிலுள்ள சிப்பிகளையும் தூண்டிவிடுகிறது. ஒன்று தொடங்கினால் மற்றவையும் தொடங்கும். பெரிய இனத்துச் சிப்பி ஒன்று ஒரே வேளையில் 50 கோடி முட்டைகள் வரை சொரியக்கூடும் என்று கணித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருக்கும்.

2016-ஆம் ஆண்டு, தவக்காலம் பிறப்பதற்குச் சற்று முன்பு, ஒரு மாலைப்பொழுதில் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய பேத்தி, பத்து வயதுச் சிறுமி, விடுமுறைக்கு வந்திருந்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் அவள், “தாத்தா, சிப்பி புகை விடுகிறது!” என்று கூவினாள். திரும்பிப் பார்த்தோம். தூபக்கலசத்திலிருந்து எழும் புகையைப் போல, ஒரு சிப்பியின் குழாய் வாயிலிருந்து வெண்மையான படலம் எழுந்து நீரில் பரவிக்கொண்டிருந்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை அது தன் ஓடுகளைச் சட்டென்று சுருக்கும். உடனே மற்றொரு வெண்முகில் வெளிப்படும்.

எனக்கு அது அழகிய காட்சியாகவே தோன்றியது. முதியவரின் முகமோ வெளிறிவிட்டது. “தந்தையே, இது நலமுள்ள சிப்பி என்பதற்கு அடையாளம், ஆனால் என் தொட்டிக்கு இது ஆபத்து” என்றார்.

அதன் காரணத்தைப் பின்னர் விளக்கினார். விந்தணுவும் முட்டையும் புரதப் பொருள்கள். கடலில் அவை அலையோடு கலந்து பரவிவிடும். எண்ணற்ற உயிர்களுக்கு உணவாகிவிடும். மூடிய தொட்டியிலோ அவை போக இடமின்றி அழுகத் தொடங்கும். அழுகலை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி, நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். விளக்கை அணைத்த இரவு வேளையில் பாசிகளும் பிராணவாயுவை வெளியிடா. போதாக்குறைக்கு அம்மோனியா என்னும் நஞ்சு சேரும். விடிவதற்குள் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சுக்குத் திணறும். பெரிய தொட்டியில் சிறிதளவு சொரிந்தால் கெடுதல் இல்லை; சிறிய தொட்டியில் மிகுதியாகச் சொரிந்தால் எல்லாமே மடியலாம்.

அவர் பதறவில்லை, காலத்தை வீணாக்கவும் இல்லை. தொட்டி நீரையே ஒரு வாளியில் முகந்து, அதில் காற்றூதும் குழாயை இட்டார். சிப்பியைப் பாறையிலிருந்து பிடுங்கக் கூடாது. அதன் அடியிலுள்ள பற்றிழைகள் அறுந்து உறுப்புகள் சிதைந்துவிடும். ஆகவே, பாறையோடு சேர்த்தே தூக்கி வாளிக்குள் இறக்கினார். அதற்குள் இரண்டாவது சிப்பியும் தொடங்கிவிட்டது. அதற்கு மற்றொரு வாளி. பாறையின் ஒரு பக்கத்தை நானும் தாங்கிப் பிடித்தேன்.

பின்னர் தொட்டியைக் கவனித்தார். நீரிலுள்ள அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவியை முழு வேகத்தில் ஓடவிட்டார். அது நுரைத்துப் பொங்க, கிண்ணத்தை மீண்டும் மீண்டும் கொட்டினோம். கிளர்வூட்டிய கரியை ஒரு பையிலிட்டு நீரோட்டத்தில் வைத்தார். காற்றூதும் குழாய்களைக் கூடுதலாக இட்டார். நிலவறையில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்புக் கரைத்து, 25 பாகை வெப்பத்தில் வைத்திருந்த பீப்பாய் ஒன்று இருந்தது. அதிலிருந்து நீர் சுமந்து வந்து, தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றினோம். “தேவை வந்தபின் உப்பைக் கரைக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும், இந்தப் பீப்பாய் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது என் மனைவியின் கட்டளை” என்றார். அவர் அந்த அம்மையாரைப் பற்றிப் பேசியது அன்று அந்த ஒருமுறைதான்.

ஒரு மணி நேரம் கழிந்தபோது முதல் வாளியில் புகைக்குப் பதிலாக நுண்ணிய வெண்மணல் போன்ற துகள்கள் மிதக்கக் கண்டோம். அவை முட்டைகள், பல இலட்சம் இருக்கும். அதுவரை வாய் திறவாமல் நின்றிருந்த சிறுமி கேட்டாள்: “தாத்தா, இவற்றையெல்லாம் கொட்டிவிடப் போகிறீர்களா? ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியாதா?”

முதியவர் சிறிது நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு கண்ணாடிச் சாடியில் தூய கடல்நீரை ஊற்றி, முட்டைகள் கலந்த நீரில் ஒரு குவளையும், இரண்டாவது வாளியிலிருந்து ஒரே ஒரு தேக்கரண்டியும் சேர்த்தார். எஞ்சிய வாளி நீர் சாக்கடைக்குச் சென்றது. நள்ளிரவுக்குச் சற்று முன், சிப்பிகள் சொரிவதை நிறுத்தி அமைதியடைந்தபின், அவற்றைத் தொட்டிக்குள் சேர்த்தார். அன்றிரவு அவர் உறங்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். மீன் ஒன்றும் மடியவில்லை.

மறுநாள் மாலை மீண்டும் சென்றேன். சிறுமி என்னை நுண்ணோக்கியின் முன் அமரச் செய்தாள். ஒரு துளி நீரில், மயிர் போன்ற நுண்ணிழைகளை அசைத்துச் சுழன்று சுழன்று நீந்தும் உயிர்கள்! அவை இன்னும் ஒரு நாளில் மெல்லிய ஓட்டை அணியும்; ஒரு வாரத்திற்கும் சற்று மேல் நீந்தித் திரிந்தபின் அடியில் இறங்கி ஊன்றும்; பிறகுதான் பாசியோடு கூட்டுக் குடித்தனம் தொடங்கும். இக்கலையில் தேர்ந்தவர்கள் உண்டு. பசிபிக் பெருங்கடலிலுள்ள பலாவு தீவில் 1980-களிலேயே இச்சிப்பிகளைப் பெருமளவில் வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அங்கும்கூட முட்டைகளில் நூற்றுக்கு ஒன்று தேறுவது அரிது. ஒரு சாடியில் என்ன நடக்கும்? நான்காம் நாள் அத்துளி நீரில் அசைவே இல்லை.

சிறுமி அழுதாள். முதியவர், “கண்ணே, இந்தச் சிப்பி கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை. கடல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கொடுக்கிறது. நாம்தான் அதைக் கடலிலிருந்து பிரித்து இங்கே வைத்திருக்கிறோம். ஆகவே, அதன் பொறுப்பில் ஒரு பங்கு நம்முடையது” என்று மட்டும் கூறினார்.

அப்பொறுப்பை அவர் எவ்வாறு நிறைவேற்றினார் என்பதே நான் சொல்ல விரும்பியது. இரு சிப்பிகளும் பருவம் அடைந்துவிட்டன. ஒன்று சொரிந்தால் மற்றதும் சொரியும். அந்தச் சிறிய தொட்டி மறுமுறை தாங்குமா என்பது ஐயம். பக்கத்து நகரில் 2,000 லிட்டர் தொட்டி வைத்திருந்த நண்பர் ஒருவருக்கு ஒரு சிப்பியைக் கொடுத்துவிட முடிவு செய்தார். எதைக் கொடுப்பது? இரண்டும் அவர் மனைவி கொணர்ந்தவை. இரண்டு வாரம் தயங்கினார். இறுதியில், பெரிதும் அழகுமாய் இருந்ததையே அனுப்பினார். “அதற்குத்தான் இடம் அதிகம் வேண்டும்” என்றார்.

வாசக அன்பர்களே, நம் நாட்டில் இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் கடல்களில் இக்குடும்பத்துச் சிப்பிகள் சில வாழ்கின்றன. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. உலக நாடுகளின் உடன்படிக்கையும் 1985 முதல் இக்குடும்பம் முழுவதன் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே, அவற்றையோ அவற்றின் ஓடுகளையோ விலைக்கு வாங்க எவரும் முற்பட வேண்டாம். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள், எந்த உயிரை வளர்த்தாலும், அது முழு வளர்ச்சி அடையும் நாளில் அதற்குப் போதிய இடம் நம்மிடம் இருக்குமா என்பதை அது குஞ்சாக இருக்கும்போதே எண்ணிப் பார்ப்பார்களாக. ஒரு பீப்பாய் நீரை எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பார்களாக. நாம் அன்போடு வளர்த்த ஒன்று நம் தொட்டியை விடப் பெரிதாகிவிடும் நாள் வரக்கூடும். அன்று அதைப் பெரிய நீருக்கு அனுப்ப மனம் வேண்டும். அந்த முதியவருக்கு அது இருந்தது.