எலிகளுக்காக ஒரு ஸ்தோத்திரம்



இரு மாதங்களுக்கு முன், நம் சபையின் சகோதரி ஒருவருக்காக ஜெபிக்க மருத்துவமனைக்குச் சென்றேன். அவருடைய அனுமதியோடே இதை எழுதுகிறேன். புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்த அவருக்கு மறுநாள் சீரமைப்பு அறுவை சிகிச்சை. அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாய்களோடு எடுத்து, மார்பிலுள்ள குழாய்களோடு இணைத்துத் தைப்பார்கள். அக்குழாய்களின் குறுக்களவு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். தைக்கும் நைலான் இழையோ தலைமுடியிலும் மெல்லியது. நுண்ணோக்கியின் கீழ் இடும் ஒரு தையல் பிசகி இரத்தம் உறைந்தால், மாற்றி வைத்த திசு முழுவதும் மடிந்துவிடக்கூடும்.

"இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள், டாக்டர்?" என்று சகோதரி கேட்டிருக்கிறார். முதலில் கடையில் வாங்கிய கோழித் தொடையில், பின்பு மயக்க மருந்து கொடுத்த எலியின் தொடைத் தமனியில் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எலியின் அத்தமனி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே. கோழித் தொடையில் தையல் பழகலாம். தைத்த இடத்தைக் கடந்து இரத்தம் பாய்கிறதா, கசிகிறதா, உறைகிறதா என்பதை உயிருள்ள உடலே காட்டும். பயிற்சி முடிந்ததும் பெரும்பாலும் அந்த எலியை மயக்கத்திலிருந்து எழவிடுவதில்லை.

"ஐயா, எனக்காக ஜெபிக்கிறீர்கள். அந்த எலிகளுக்காக ஆண்டவரிடம் என்ன சொல்வது?" என்றார் சகோதரி.

என்னிடம் பதில் இல்லை. சிருஷ்டியின் மேல் மனிதனுக்கு அருளப்பட்ட ஆளுகையைக் குறித்து இறையியல் கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஆளுகை பெற்றவன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் என்பது அந்தக் கட்டிலருகேதான் எனக்கு உறைத்தது.

1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிவியலாளர் மூன்று நெறிகளை வகுத்தனர்: கூடுமானால் விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. கோழித் தொடையில் கை தேறிய பின் எலியிடம் வருவதும் அந்நெறியே. அதனால் மடியும் எலிகள் குறையும். ஆயினும் சில மடியத்தான் செய்கின்றன.

ஆகவே மறுநாள் காலையில் மருத்துவரின் கைகளுக்காக ஜெபித்தேன். அந்தக் கைகள் பழகும்படி உயிர்விட்ட சிற்றுயிர்களுக்காகவும் ஸ்தோத்திரம் செலுத்தினேன். அடைக்கலான் குருவியையும் மறவாத பிதா அவற்றை மறந்திருக்கமாட்டார். சகோதரி, "ஆமென்" என்றார்.

திசு பிழைத்தது, அவர் மீண்டும் ஆராதனைக்கு வருகிறார். நாம் பெற்ற சுகத்துக்காக இந்த வாரம் நன்றி செலுத்தும்போது, அதற்காக விலை கொடுத்த உயிர்களையும் நினைவுகூருவோமாக. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.