படகில் இல்லாத பையன்

'சராசரி' என்கிற வார்த்தையைக் கண்டுபிடித்த ஆசாமி மாதச் சம்பளக்காரராக இருந்திருக்க முடியாது. மேனேஜர் சம்பளத்தையும் பியூன் சம்பளத்தையும் கூட்டி வகுத்து, 'உங்க ஆபீஸில் தலைக்கு இவ்வளவு' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பேருமே அடிக்க வருவார்கள்!

வேதியியலிலும் இதே கூத்து உண்டு. ஒன்பதாவது படிக்கும் அக்கா பையன் ஒருநாள் பிடித்துக்கொண்டான். "மாமா, குளோரின் அணு நிறை 35.5னு போட்டிருக்கு. புரோட்டான், நியூட்ரான் எல்லாம் முழுசு முழுசாத்தானே இருக்கும்? அரை எங்கேருந்து வந்துச்சு?"

நோணாங்குப்பத்துப் பையனுக்குப் படகை வைத்துச் சொன்னால்தான் புரியும். "சுண்ணாம்பாறு படகுல நாலு பசங்க ஏறுறாங்க. மூணு பேர் 35 கிலோ, ஒருத்தன் 37. மொத்தம்?"

"142."

"நாலால வகு."

"35.5... ஆனா, படகுல அந்த எடையில யாருமே இல்லையே!"

அதேதான் சார் விஷயம். குளோரினில் ஏறக்குறைய முக்கால்வாசி அணுக்கள் 35 ரகம், கால்வாசி 37 ரகம். இரண்டிலும் புரோட்டான் 17தான். 37-ல் இரண்டு நியூட்ரான் கூடுதல், அவ்வளவே. துல்லியமாகக் கணக்குப் போட்டால் சராசரி 35.45. தனிம அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கட்டம். அதனால் 1913-ல் ஃபிரெடரிக் சாடி என்ற விஞ்ஞானி 'ஐசோடோப்பு' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'ஒரே இடம்' என்று அர்த்தம். ஒரே நாற்காலியில் இரண்டு குமாஸ்தா!

இதனால் என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? எங்கள் தெரு போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. 'கடல் உள்ளே வந்துடுச்சு' என்கிறார் போர் போடுகிறவர். 'எங்க தாத்தா காலத்துலேயே இப்படித்தான்' என்கிறார் எதிர்வீட்டுப் பெரியவர். இது வெறும் திண்ணை வம்பு இல்லை. மோட்டார் வைத்து உறிஞ்சியதால் வந்த உப்பென்றால், உறிஞ்சுவதைக் குறைத்தாக வேண்டும். ஆதிகாலத்துக் கடல் விட்டுப் போன உப்பென்றால், மோட்டாரை நிறுத்தினால் மட்டும் தண்ணீர் இனித்துவிடாது.

நாக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஐசோடோப்புக்குத் தெரியும். கார்பனில் 14 என்று ஒரு ரகம். சுமார் 5,730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனில் அது எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், அந்தத் தண்ணீர் பூமிக்குள் போய் எத்தனை காலம் என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம். நம்ம காரைக்காலிலும் தஞ்சாவூர்ப் பக்கமும் நிலத்தடி நீரில் புது உப்பையும் பழைய உப்பையும் பிரித்தறிய, ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் இந்தக் கணக்கையும் பயன்படுத்தினார்கள். ஆய்வு 1996-ல் வெளிவந்தது.

அடுத்த முறை எங்கள் தெருத் தண்ணீரைச் சோதிக்க யாராவது வந்தால், 'உப்பு எவ்வளவு' என்று மட்டும் கேட்கப்போவதில்லை. 'எந்தக் காலத்து உப்பு சார்?' என்றும் கேட்கப்போகிறேன். அதுவரை எங்கள் வீட்டு சாம்பாருக்கு அரை உப்புதான்!