மூலம், பாதை, தளம்: மோட்டார் சைக்கிள்களைப் பற்றி ஒரு நிலநடுக்க ஆய்வாளர்

களப்பணிக்கு எந்த மோட்டார் சைக்கிள் உகந்தது என்ற கேள்வி கடந்த இரண்டு ஆண்டுகளில் பலமுறை என்னிடம் வந்திருக்கிறது. கேட்டவர்கள் புவியியல், தாவரவியல், மானுடவியல் எனப் பல துறையினர். ஏறத்தாழ அனைவரும் பெண்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதி வந்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன். பதிவு சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எனக்குப் பொழுதுபோக்கு அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் கின்னோர், லாகௌல்-ஸ்பிதி பகுதிகளில் சில நிலநடுக்கப் பதிவு நிலையங்களைப் பராமரிப்பது என் ஆய்வின் ஒரு பகுதி. 1905 ஏப்ரல் 4 அன்று காங்ராவில் ஏறத்தாழ 20,000 உயிர்களைப் பறித்த நிலநடுக்கமும், 1975 ஜனவரி 19 அன்று கின்னோரைக் குலுக்கிய நிலநடுக்கமும் இந்த மலைகளில்தான் நிகழ்ந்தன. சூரியத் தகட்டின் மீது பனி மூடி, மின்கலம் தீர்ந்து, ஒரு நிலையம் மௌனமாகிவிட்டால் யாராவது அங்கே போய்த்தான் ஆக வேண்டும். மௌனமாயிருந்த நாள்களில் நிலம் என்ன பேசியது என்பதைப் பின்னர் எக்காலத்திலும் மீட்க முடியாது. துறையின் ஜீப்புக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். உடன் பயிலும் ஆண்கள் அந்த வரிசையில் நிற்பதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எங்களுக்கோ, "நீங்கள் கணினிவழி ஆய்வுக்கு மாறிக்கொள்ளலாமே" என்ற அன்பான ஆலோசனை கிடைக்கிறது. ஆகவே எந்த வண்டியை நம்மால் ஓட்ட முடியும் என்ற கேள்வி, எந்த ஆய்வை நாம் செய்யலாம் என்ற கேள்வியாகவும் இருக்கிறது.

என் உயரம் 155 சென்டிமீட்டர். எடை 50 கிலோ. இதைச் சொல்லாமல் எழுதப்படும் எந்த வண்டி ஒப்பீடும் முழுமையானது அன்று என்பதே என் வாதம். அதை என் துறையின் மொழியில் விளக்குகிறேன்.

ஓர் இடத்தில் நிலம் எவ்வளவு அதிரும் என்பதை நாங்கள் மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம். அதிர்வு பிறக்கும் மூலம். அது கடந்துவரும் பாதை. அது வந்து சேரும் தளம். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. மூலத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த மெக்சிகோ நகரம் கடுமையாக நொறுங்கியது. பழைய ஏரிப்படுகையின் களிமண் மீது அந்நகரின் பெரும்பகுதி அமர்ந்திருக்கிறது. ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒருமுறை அசையும் அலைகளை அக்களிமண் பெருக்கியது. அந்தத் தாளத்துக்கு இசைந்த நடுத்தர உயரக் கட்டடங்கள் அதிகம் விழுந்தன. அதே தெருவில் தாழ்ந்த வீடுகள் பல தப்பின. அலை ஒன்றே, தளம் வேறு.

மோட்டார் சைக்கிளிலும் இவ்வாறே. எஞ்சினும் சாலையும் மூலம். சட்டம், சஸ்பென்ஷன், இருக்கை ஆகியவை பாதை. உடல் தளம். வண்டி விமர்சனங்கள் மூலத்தையும் பாதையையும் நுணுக்கமாக அளக்கின்றன. தளமாக ஒரே உடலை, பெரும்பாலும் ஐந்தடி பத்து அங்குல ஆணுடலை, சொல்லாமலே வைத்துக்கொள்கின்றன.

முதலில் எஞ்சின். 5,000 சுற்றில் ஓடும் எஞ்சின் நொடிக்கு 83 முறை அதிர்கிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் ஒரே பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதால் அந்த அதிர்வை எதிர்எடைத் தண்டு கொண்டு குறைக்கலாமே தவிர முற்றிலும் நீக்க முடியாது. 2016இல் வந்த பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, 2023 இறுதியில் வந்த ஹிமாலயன் 450, 2020இல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர் மூன்றும் இந்த வகை. இன்டர்செப்டர் 650, சூப்பர் மீட்டியர் 650 இரண்டிலும் இருப்பது ஒரே 648 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின். அதன் பிஸ்டன்கள் 270 பாகை இடைவெளியில் இயங்குவதால் ஒன்று நிற்கும் கணத்தில் மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம்நிலை அதிர்வு ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கிறது. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் வண்டியில் இரு சிலிண்டர்களும் இருபுறம் கைநீட்டிப் படுத்திருக்கின்றன. பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடித் தம் விசையைத் தாமே சமன் செய்கின்றன. இந்த வரிசையின் உச்சம் ஹோண்டா கோல்ட் விங். படுத்த நிலையில் ஆறு சிலிண்டர், 1,833 சிசி. கோட்பாட்டின்படி அது ஏறத்தாழ முழுச் சமநிலை கொண்ட அமைப்பு.

கை அதிர்வை மதிப்பிடும் ஐஎஸ்ஓ 5349 என்ற அளவுகோல் 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுக்கே முழு எடை தருகிறது. 80 ஹெர்ட்ஸ் அதிர்வை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் ஒற்றை சிலிண்டர் வண்டியை மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டியவரின் விரல் நுனிகள் மரத்துப்போவது அந்த 80 ஹெர்ட்ஸ் அருகில்தான். சிறிய கைகள் தடித்த பிடியை இறுக்கிப் பற்ற வேண்டியிருப்பதால் அதிர்வு இன்னும் நன்றாகக் கைக்குள் நுழைகிறது. காகிதத்தில் ஏற்கத்தக்க வண்டி கையில் ஏற்கத்தகாததாக மாறும் இடம் இது. நெடுஞ்சாலைதான் உங்கள் களம் என்றால் இரட்டை சிலிண்டருக்குச் செலவிடும் கூடுதல் பணம் வீணாகாது.

ஆனால் மலைச்சாலையில் மூலம் மாறிவிடுகிறது. அங்கே எஞ்சினைவிடச் சாலைதான் அதிகம் பேசுகிறது. கிராம்புவிலிருந்து பாத்தல் வழியாக குன்சும் கணவாய்க்குச் செல்லும் தடத்தில் சரளை மண் அலையலையாக இறுகிக் கிடக்கும். முகட்டுக்கு முகடு ஒரு மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஐந்தரை முகடுகள். அமர்ந்திருக்கும் மனித உடல் மேல்கீழ் அசைவை அதிகம் உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. மிக மோசமான தாளத்தைச் சாலையே நமக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. வேகத்தை இருமடங்காக்கினால் தாளம் 11 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்து உடல் ஆறுதல் அடைகிறது. ஆனால் சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கி, பிடிப்புக் குறைகிறது. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும்போது இது நல்ல பேரம் அன்று.

மீதமிருக்கும் வழி, எழுந்து நின்று ஓட்டுவது. முழங்கால் நம்மிடம் உள்ள மிகச் சிறந்த சஸ்பென்ஷன். இங்கேதான் வண்டிகளின் குணம் பிரிகிறது. ஹிமாலயன் இரண்டிலும், கேடிஎம்மிலும், ஜிஎஸ்ஸிலும் கால்மிதி உடலுக்கு நேர் கீழே இருப்பதால் நிற்பது இயல்பாக வருகிறது. சூப்பர் மீட்டியரில் கால்கள் முன்னே நீண்டிருக்கின்றன; நிற்க முயன்றால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும். அதன் பின்பக்க சஸ்பென்ஷன் அசையும் தூரம் 101 மில்லிமீட்டர். ஹிமாலயன் 450இல் 200. நெடுஞ்சாலையில் சோபாபோல் இருக்கும் அதே அமர்வு, இந்தத் தடத்தில் ஒவ்வொரு குழியையும் நேராக முதுகுத்தண்டுக்கு அனுப்புகிறது.

இனி தளம். இருக்கை உயரம் சூப்பர் மீட்டியரில் 740 மில்லிமீட்டர்; பழைய ஹிமாலயனில் 800; இன்டர்செப்டரில் ஏறத்தாழ அவ்வளவே; புதிய ஹிமாலயனில் 825, தாழ்ந்த இருக்கை வாங்கினால் 805; ஜிஎஸ்ஸில் 850; கேடிஎம்மில் 855. உயரம் குறைந்தவர்கள் இந்த ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறோம். அது போதாது. சூப்பர் மீட்டியரில் என் இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிகின்றன. ஆனால் அதன் எடை 241 கிலோ. சரிவில் முகம் கீழ்நோக்கி நிறுத்திவிட்டால் அதைப் பின்னோக்கித் தள்ள என் 50 கிலோவால் இயலாது. கேடிஎம் 177 கிலோ அளவில் இருக்கிறது. ஒரு பாதத்தின் முன்பகுதி மட்டுமே தரையைத் தொட்டாலும் வண்டி என் சொல் கேட்கிறது. இடப்பக்கம் இடுப்பை நகர்த்தி ஒற்றைக் காலில் நின்று, வலக்கால் பின்பிரேக்கில் இருக்கப் பழகிக்கொண்டால் இரு கால்களும் எட்டவேண்டிய தேவை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கோல்ட் விங்கின் இருக்கை 745 மில்லிமீட்டர்தான். ஆனால் அதற்குப் பின்னோக்கி நகரும் வசதியும் உண்டு. 360 கிலோவைக் கடந்த வண்டியை மனிதக் கால் தள்ளாது என்று அதன் பொறியாளர்கள் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

எடை குறைந்தவர்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஸ்பிரிங் பொதுவாக 75 கிலோ ஓட்டுநரை எண்ணியே தேர்ந்தெடுக்கப்படுகிறது. என் எடைக்கு அது போதிய அளவு அமிழ்வதில்லை. வண்டி உயரமாகவும் விறைப்பாகவும் நிற்கிறது. பின்பக்க ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைத் தளர்த்தினால் விறைப்பு மாறாது. ஆனால் வண்டி சற்றுத் தாழும், கால் எட்டும். செலவு ஏதுமில்லை. ஆயினும் இதைச் செய்துதரும்படி நாமே கேட்க வேண்டியிருக்கிறது.

குட்டையாய் இருப்பதற்கு ஆதாயமே இல்லை என்று எண்ண வேண்டாம். நண்பர் ஒருவரின் ஜிஎஸ்ஸைச் சண்டிகரிலிருந்து வடக்கே செல்லும் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மணிக்கு 100 கிலோமீட்டரில் அதன் கண்ணாடித் திரை காற்றை என் தலைக்கு மேலே அனுப்பிவிட்டது. ஆறடி உயர நண்பருக்கோ அதே காற்று தலைக்கவசத்தில் மோதிச் சுழல்கிறது. ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது என்கிறார். பிரேக் பிடித்தால் முன்பகுதி தலைகுனியாத அதன் டெலிலீவர் அமைப்பும், சங்கிலிக்கு எண்ணெய் இடும் வேலையை ஒழித்த தண்டு இயக்கமும் நெடும்பயணத்தில் அருமையானவை. 136 குதிரைத்திறன் என்பதன் பொருள் முந்திச் செல்லும்போது புரிந்தது.

அந்தத் திறன் மேலே வரவர என்ன ஆகிறது? 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடு. மின்னணு எரிபொருள் செலுத்தி கலவையைச் சரிசெய்யும். இல்லாத ஆக்சிஜனை அதனால் வரவழைக்க முடியாது. புதிய ஹிமாலயனின் 40 குதிரைத்திறன் அங்கே 25 அளவுக்கு இறங்குகிறது; பழையதன் 24, பதினைந்துக்கு. எண்ணில் இது பெரிய இழப்பு. ஆனால் குன்சும் வளைவுகளில் யாரும் 20 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. அங்கே தேவைப்படுவது குறைந்த சுற்றில் கிடைக்கும் முறுக்கு விசை. பழைய ஹிமாலயன் தன் 32 நியூட்டன் மீட்டரை 4,500 சுற்றுக்குள் தந்துவிடுகிறது. கேடிஎம் தன் 37ஐ 7,000 சுற்றில் தருகிறது. முன்னது கழுதைபோல் ஏறும்; பின்னது நல்ல குதிரை, ஆனால் கிளட்சை ஓயாமல் இழுத்து விட வேண்டும். சிறிய கைக்கு அதுவே பெரும் களைப்பு. தட்டையான சாலையில் இந்த மதிப்பீடு அப்படியே தலைகீழாகும்.

என்னுடைய கடைசி அளவுகோலை எந்த விமர்சனத்திலும் கண்டதில்லை. தனியே இருக்கும்போது விழுந்த வண்டியை நிமிர்த்த முடியுமா? வண்டிக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்சட்டத்தையும் பற்றி, கால்களால் பின்னோக்கி உந்தினால் பழைய ஹிமாலயனின் 199 கிலோவை என்னால் நிமிர்த்த முடிகிறது. ஜிஎஸ்ஸின் 249 கிலோவை முடியவில்லை. பாத்தலைத் தாண்டிய பிறகு அடுத்த மனிதர் வர ஒரு மணி நேரமும் ஆகலாம். அங்கே இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லாச் சிறப்புகளையும் விழுங்கிவிடும்.

ஆகவே நான் வைத்திருப்பது இரண்டாம் கையாக வாங்கிய ஹிமாலயன் 411. ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாக இருந்த காலத்துச் சேமிப்பில் வாங்கியது. இருக்கை தைப்பவர் ஒருவரிடம் கொடுத்து நுரையின் இருபக்க ஓரங்களைச் செதுக்கிக்கொண்டேன். இருக்கை குறுகியதால் உயரம் மாறாமலே கால் கூடுதலாக எட்டுகிறது. கிளட்ச் நெம்புகோலை விரலுக்கு அருகில் வரும்படி மாற்றினேன். உங்கள் களம் இராஜஸ்தானின் நீண்ட சமவெளி என்றால் இன்டர்செப்டரையே பரிந்துரைப்பேன். ஆறடி உயரமும், உடன்வரத் துணையும், பெரிய பணப்பையும் உள்ளவருக்கு ஜிஎஸ்ஸைவிட நல்ல வண்டியை நான் ஓட்டியதில்லை.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். மணாலியில் இவற்றுள் பெரும்பாலானவை வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் உயரம், எடை, உள்ளங்கால் முதல் கவட்டை வரையிலான நீளம், கை விரிவு ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு போங்கள். சாமான்களைக் கட்டியபின், ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, சிறு சரிவில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். தோழி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, புல்தரையில் மெல்லச் சாய்த்து நிமிர்த்திப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பார்த்தவற்றை அந்த நான்கு எண்களோடு சேர்த்துக் கீழே எழுதுங்கள். நம்மைப் போன்ற உடல்களைத் தளமாகக் கொண்ட ஓர் அட்டவணையை நாமே உருவாக்கினால், அடுத்த ஆண்டு சேரும் மாணவி யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் களத்தைத் தேர்ந்துகொள்வாள்.