படம் மறைந்தது ஏன்?

வீட்டிலுள்ள இயந்திரம் ஒன்று பழுதுபட்டால் "என்ன நேர்ந்தது?" என்று கேட்பார் சிலரே, "யார் கை வைத்தது?" என்று கேட்பார் பலர். கை வைத்தவன் வயதிற் சிறியவனாயின் விசாரணை அவ்வளவில் முடிந்துவிடும். வகுப்பறைக் கண்ணாடி உடைந்ததும் கடைசி வாங்கில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் போன்றதே இதுவும். ஆண்டுகள் பலவாக மாணாக்கரோடு பழகிவரும் எமக்கு இவ்வழக்கம் நெஞ்சை உறுத்துவதொன்று.

அண்மையில் எமது அயலில் நிகழ்ந்ததை இங்கு எழுதுகின்றோம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தம் வீட்டு மண்டபத்தில் புரொஜெக்டர் ஒன்றைப் பொருத்தியிருக்கின்றார். ஆடம்பரத்துக்காக வாங்கியதன்று அது. அவருடைய மனைவியாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டமையால் கைத்தொலைபேசியில் வரும் படங்கள் அவருக்குத் தெரிவதில்லை. சுவரளவு பெரிதாக இருந்தால் ஓரளவு தெரியும். அதனை அறிந்த மகள் கனடாவிலிருந்து பணம் அனுப்பி வாங்குவித்தார். கருவி பின்புறத்தில், கூரைக்குக் கீழே. படத்தை அனுப்பும் பெட்டி முன்புறத்தில், திரைக்குக் கீழே. இரண்டையும் இணைக்கும் வயர் சுவருக்குள் பதித்த குழாய் வழியாக ஏறத்தாழ 12 மீற்றர் தூரம் ஓடுகின்றது.

இரண்டு ஆண்டுகள் ஒரு குறையுமில்லை. பின்னர், இணையவழிப் படங்களைக் காட்டும் புதிய பெட்டி ஒன்றை மகள் அனுப்பினார். பழைய டிவிடி பெட்டியைக் கழற்றிவிட்டு அதனை மாட்டியவன், சாதாரண தரம் படிக்கும் பேரன். அன்று மாலையே தொடங்கியது தொல்லை. படத்தின் மேல் அரிசி தூவினாற் போல வெண்புள்ளிகள் மின்னின, திரை கறுத்தது, மீண்டும் படம் வந்தது, மீண்டும் கறுத்து "நோ சிக்னல்" என்று நின்றது. பார்க்க வந்த திருத்துநர் ஒருவர் மூடியைக்கூடத் திறவாமல், உள்ளே பலகை போய்விட்டதென்றும், மாற்றுவதானால் கருவியின் விலையிற் பாதி செல்லுமென்றும் கூறிச் சென்றார். கனடாவிலுள்ள பேத்தியின் நடன அரங்கேற்றத்துக்கு நான்கே நாள்கள் இருந்தன. அதனை இணையத்தில் நேரடியாகக் காட்டவிருந்தார்கள்.

"மாஸ்டர், இந்தப் பெடியன் கை வைச்ச நாள் தொடக்கம் இது செத்துப்போச்சு. கேட்டால் ஒப்புக்கொள்ளுறான் இல்லை. நீங்கள் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்றார் பெரியவர். பையனோ இரண்டு நாளாக எவரோடும் பேசவில்லை. சாப்பாட்டையும் தன் அறைக்குள்ளேயே வைத்து உண்கின்றானாம்.

பையனைக் கேட்பதை விட்டு இயந்திரத்தைக் கேட்போம் என்றோம். நாம் ஒன்றையும் தொடாமல், அவனையே செய்யச் சொன்னோம்.

முதலில் ரிமோட்டிலுள்ள மெனுப் பொத்தானை அழுத்தினான். புரொஜெக்டரின் சொந்த மெனு வெளியிலிருந்து வருவதன்று. கருவி தானே எழுதிக் காட்டுவது. அதிற் கோடுகளோ நிறமாற்றமோ இருப்பின் நோய் கருவிக்குள் இருக்கின்றது என்க. ஆனால் எழுத்துகள் அச்சிட்டாற் போலத் தெளிவாக நின்றன. எனவே விளக்கும் கண்ணாடிவில்லையும் படம் உருவாகும் பகுதியும் நலமே. பலகை போனது என்ற தீர்ப்பு அப்பொழுதே ஆட்டங்கண்டது.

அடுத்துப் புதிய பெட்டியைத் தூக்கிவந்து, புரொஜெக்டரின் அருகே உயரமான ஸ்டூல் ஒன்றில் வைத்து, 2 மீற்றர் வயரால் இணைத்தான். படம் ஒரு புள்ளி சிதறாமல் நின்றது. ஆகவே பெட்டியும் நலம். புரொஜெக்டரின் செருகுதுளையும் நலம். எஞ்சியது சுவருக்குள் இருக்கும் வயர் ஒன்றே. அதனோடு பழைய டிவிடி பெட்டியை மாட்டிப் பார்த்தோம். அதுவும் பழுதின்றிப் படம் காட்டிற்று! பெரியவர் எம்மைப் பார்த்தார். எல்லாம் நலமென்றால் எதுதான் பிழை?

இந்த இடத்திற் பலர் பொறுமையிழந்து, எல்லா வயர்களையும் ஒரேயடியாகப் பிடுங்கி மாட்டிவிடுவர். படம் வந்தாலும் வராவிட்டாலும் காரணம் தெரியாது போகும். ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவதே முறை. ஆய்வுகூடத்தில் மாணாக்கருக்கு நாம் ஓயாது சொல்லும் பாடம் இது. வீட்டில் ஒருவருக்கும் நினைவு வருவதில்லை.

விடை சுமையில் இருந்தது. 1080 வரிப் படத்தைச் செக்கனுக்கு 60 முறை அனுப்ப எச்.டி.எம்.ஐ. வயரில் ஏறத்தாழ 445 கோடி பிட்டுகள் ஓடவேண்டும். புதிய பெட்டி அனுப்பியதோ 4கே படம். அகலத்தில் இருமடங்கு, உயரத்தில் இருமடங்கு. ஆகப் புள்ளிகள் நான்கு மடங்கு. செக்கனுக்கு ஏறத்தாழ 1,782 கோடி பிட்டுகள். எச்.டி.எம்.ஐ. முறை 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவ்வளவு சுமையைத் தாங்கும் விதி 2013இலேதான் வகுக்கப்பட்டது. செம்புக் கம்பியில் நீளம் கூடக்கூட இத்தகைய வேகமான சமிக்ஞை மெலியும். டிவிடியின் சிறு சுமையைத் தாங்கிய அந்த 12 மீற்றர் வயர் இதனைத் தாங்க மாட்டாமல் தடுமாறிற்று.

கூரைமேல் அன்ரனாவைத் திருப்பித் திருப்பித் தொலைக்காட்சி பார்த்த தலைமுறைக்கு இது விளங்குவது சற்றுக் கடினம். அக்காலத்துப் படம் சிறிது சிறிதாக மங்கும், நிழல் விழும், ஆயினும் முகம் தெரியும். இக்காலத்து எண்முறைச் சமிக்ஞை ஓரெல்லை வரை குறையே காட்டாது. எல்லையை நெருங்கினால் வெண்புள்ளி சிதறும். தாண்டினால் ஒன்றுமே இல்லை. நேற்று நன்றாக இருந்ததென்ற சாட்சியம் இங்குச் செல்லாது. எமது கல்லூரியில் இன்றும் கிடக்கும் பழைய விஜிஏ வயர் எவ்வளவோ வெளிப்படையானது: 15 ஊசிகளுள் நீலத்துக்குரியது வளைந்தால் திரை மஞ்சளாகும், சிவப்புக்குரியது போனால் நீலப்பச்சையாகும். நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

நிற்க. எச்.டி.எம்.ஐ. வயரில் 19 முனைகள் உண்டு. அவை எல்லாம் படத்தைச் சுமப்பனவல்ல. 19ஆவது முனை, ஒரு கருவி இணைக்கப்பட்டிருக்கின்றது என்று அறிவிக்கும். 15ஆவதும் 16ஆவதும், "இன்ன இன்ன அளவுப் படங்களை ஏற்பேன்" என்று புரொஜெக்டர் கூறும் குறிப்பைப் பெட்டிக்குக் கொண்டுசெல்லும். இந்தப் பேச்சு முறையாக நடவாவிடில் வயர் நல்லதாயினும் படம் வராதிருக்கலாம். புரொஜெக்டரை முதலில் ஏற்றி, சற்றுப் பொறுத்துப் பெட்டியை ஏற்றினாற் படம் வந்துவிடுவதுண்டு. அதற்குக் காரணம் இதுவே. திரை முழுதும் பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தோன்றினால், ஒரு கருவி அனுப்பும் நிறக்குறியீட்டை மற்றது வேறாக வாசிக்கின்றது என்று கொள்ளலாம். அமைப்புப் பட்டியலில் மாற்றினாற் சரியாகும்.

இனி, படப் பட்டியல் தெளிவாகத் தெரிந்து, படம் தொடங்கியதும் கறுத்துவிடுமாயின், பெரும்பாலும் அது எச்.டி.சி.பி. என்னும் களவுத்தடைப் பூட்டின் வேலை. இடையிலுள்ள பழைய அம்பிளிபயர் ஒன்று அந்தப் பூட்டை அறியாதிருத்தல் கூடும். அதனை விலக்கி நேரே இணைத்துப் பார்த்தல் வேண்டும். களவெடுப்போர் எப்படியோ எடுத்துக்கொள்ள, காசு கொடுத்தவர் வீட்டிற் சுவர் கறுத்துக் கிடக்கின்றது. இதனை நாம் நியாயமென்று சொல்லமாட்டோம்.

பெட்டியின் அமைப்பை 1080க்கு இறக்கும்படி பையனிடம் கூறினோம். பெட்டி முன்புறம் திரும்பிச் சென்றது. சுவருக்குள் இருந்த அதே வயர் மாட்டப்பட்டது. படம் அசையாது நின்றது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "சாப்பிட்டனியோ?" என்று மட்டும் அவனைக் கேட்டார்.

சனிக்கிழமை இரவு அரங்கேற்றம் நடந்தது. 4கே இல்லாத குறை அம்மையாருக்குத் தெரியவில்லை. பேத்தியின் கால் சலங்கை அவருக்குத் தெரிந்தது. கதிரையைத் திரைக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு, தம் நிழல் படத்தில் விழாதவாறு ஒருபுறமாகச் சாய்ந்திருந்தே முழுவதையும் பார்த்தார்.

அடுத்த மாதம் ஒளிநாரிழை வயர் ஒன்றை வாங்கினார்கள். நீண்ட தூரத்துக்கு அதுவே தகும். ஆயினும் அதற்குத் திசை உண்டு. ஒரு முனை பெட்டிக்கு, மறுமுனை திரைக் கருவிக்கு என்று அதிலேயே குறித்திருக்கும். மாற்றி இழுத்துவிட்டாற் சுவருக்குள்ளிருந்து மறுபடி உருவவேண்டும். குறியை இருமுறை வாசித்தபின், பழைய வயரின் நுனியிற் புதியதைக் கட்டிப் பேரன் ஒருபுறம் தள்ள, பெரியவர் மறுபுறம் இழுத்தார். வெளியே வந்த பழைய வயரைச் சுருட்டி எமக்குத் தந்தார்கள். எமது வகுப்பறையில் அது 1080 வரிப் படத்தைக் குறைவின்றிக் கொண்டுவருகின்றது.