ஒட்டின பசை எங்கே போகுது? ஒரு குட்டி விமானம், ரெண்டு நாள், ஒரு கேள்வி

1/ இந்த சனி, ஞாயிறு முழுக்க காட்பாடி வீட்டில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் விமானம் செஞ்சேன். பாகம் பாகமா பெட்டியில் வரும். நாமே வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்கணும். எப்படிச் செய்யறதுன்னு சொல்றேன். நடுவில் பசையைப் பற்றி ஒரு விஷயம் வரும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து மக்கள் அதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

2/ நான் எடுத்தது 'நாட்' விமானம். கொசு மாதிரி ஒரு பொடிப்பூச்சியோட பெயர் அது. பிரிட்டனில் வடிவமைச்சு, நம்ம பெங்களூரு எச்.ஏ.எல். உரிமம் வாங்கித் தயாரிச்ச சின்ன போர் விமானம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் இதை ஓட்டிச் சண்டை போட்டு உயிர்விட்டவர் நிர்மல் ஜித் சிங் சேகோன். விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருத்தர்தான்.

3/ கிட் அளவு 1/72. அதாவது ஆறடி மனுஷன் ஒரு அங்குலம் ஆயிடுவார். அசல் நாட் இறக்கைக்கு இறக்கை சுமார் 6.7 மீட்டர். மாடலில் அது 9 செ.மீ. சொச்சம். நீளம் 12 செ.மீ. பேனா அளவுகூட இல்லை. முதல் முறை செய்யறவங்களுக்கு இந்த மாதிரி சின்ன விமானமே நல்லது. ரெண்டு நாளில் முடியும், அலமாரியிலும் இடம் கேட்காது.

4/ சனிக்கிழமை காலை: பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கிட்டு வரும். கையால் முறுக்கிப் பிய்க்காதீங்க, பாகம் வெள்ளையா வெளுத்து உடையும். நகவெட்டி போதும். மிச்சம் நீட்டிக்கிட்டு இருக்கிற துண்டை கூரான பிளேடால் சீவி, நைஸ் உப்புத்தாளில் தண்ணி தொட்டுத் தேய்ங்க. எனக்கு 11ஆம் நம்பர் சர்ஜிகல் பிளேடு பழகின கை. உங்களுக்கு கட்டர் கத்தி போதும், விரலை எதிர்ப்பக்கம் வைக்காதீங்க.

5/ அடுத்து, பசை இல்லாமலே ஒரு தடவை பொருத்திப் பாருங்க. இடைவெளி எங்கே, முட்டுது எங்கேன்னு அப்பவே தெரியும். மூக்குப் பக்கம் சக்கரம் உள்ள விமானம்னா, உடம்பை மூடும் முன்னாடி மூக்குக்குள்ளே ஒரு சின்ன நட்டு வச்சு எடை கொடுங்க. இல்லைன்னா முடிஞ்ச பிறகு வால் தரையில் உட்கார்ந்து மூக்கு மேலே பார்க்கும்.

6/ இப்போ பசை. இது ஃபெவிகால் மாதிரி நடுவில் நின்னு ரெண்டு பக்கத்தையும் பிடிச்சுக்கிற பசை இல்லை. கிட் செய்யற பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். மாடல் பசையில் இருக்கிற கரைப்பான் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைக்கும். கரைஞ்ச ரெண்டு விளிம்பும் ஒன்றோடு ஒன்று கலக்கும். அப்புறம் கரைப்பான் ஆவியாகிப் போயிடும். மிஞ்சுறது ஒரே பிளாஸ்டிக். வெல்டிங் மாதிரி, ஆனா நெருப்பு இல்லாம.

7/ அதனால ஒரு துளி போதும். அழுத்திப் பிடிச்சு, ராத்திரி முழுக்கக் காய விடணும். அது காயட்டும், நாம கொஞ்சம் பேசுவோம். 'கரைப்பான் ஆவியாகிப் போயிடும்'னு சொன்னேனே, எங்கே போகுது? அறைக் காற்றுக்கு. அங்கிருந்து உங்க மூக்குக்கு, நுரையீரலுக்கு, ரத்தத்துக்கு.

8/ இது உலகத்துக்குப் புதுசு இல்லை. 1960களில் அமெரிக்காவில் பசங்க மாடல் விமானப் பசையைப் போதைக்காக முகர ஆரம்பிச்சாங்க. பெரிய பிரச்சனை ஆச்சு. 1969இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் தன் பசையில் கடுகின் காரத்தைக் கொடுக்கிற எண்ணெயைச் சேர்த்தது. முகர்ந்தா மூக்கு எரியும், விட்டுடுவாங்க. குழந்தைகள் பொம்மைன்னு வரும்போது பசையையே மாத்தினாங்க.

9/ ரெண்டு நாள் பொழுதுபோக்குக்குப் பயப்பட ஒன்றுமில்லை, சில ஒழுங்கு இருந்தா. ஜன்னலைத் திறங்க. ஃபேன் காற்று உங்க பின்னாலிருந்து ஜன்னல் பக்கம் போகணும். ஏ.சி. போட்டு மூடின ரூம் வேண்டாம். இந்த ஆவி காற்றைவிடக் கனம், தரைப்பக்கம் தங்கும், அதனால கீழே விளையாடுற குழந்தை அந்த ரூமில் வேண்டாம். தீப்பிடிக்கும், அதனால பூஜை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

10/ இப்போ விஷயத்துக்கு வர்றேன். நான் தொட்டது மொத்தமா ஒரு ஸ்பூன் பசை இருக்காது. நம்ம பெல்ட்டில் தினமும் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போறவங்களை நினைச்சுப் பாருங்க. பெரும்பாலும் பெண்கள். ஷூவின் மேல்பாகத்தையும் சோலையும் சேர்க்கிறது 'சொல்யூஷன்'. பஞ்சர் கடையில் பார்ப்பீங்களே, அதே இனம். தடவி, காய வச்சு, சூடு காட்டி, அழுத்தணும். இங்கேயும் கரைப்பான் காற்றுக்குத்தான் போகுது. வாரம் ஆறு நாள், வருஷக் கணக்கா.

11/ என்ன கரைப்பான்கிறதுதான் கேள்வி. ஒரு காலத்தில் பென்சீன். இஸ்தான்புல் ஷூ தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதன் முந்தைய நிலையோ இருந்ததை டாக்டர் முசாஃபர் அக்சோய் குழு 1974இல் வெளியிட்டது. ஜப்பான் அதுக்கு முன்னாடியே, 1959இல், பென்சீன் கலந்த ரப்பர் பசைக்குத் தடை போட்டது. அதுக்குப் பதிலா வந்தது ஹெக்சேன். நல்லதுன்னு நினைச்சாங்க. 1960களில் அங்கே வினைல் செருப்பு ஒட்டின 1,662 பேரைப் பரிசோதிச்சா 93 பேருக்கு நரம்பு பாதிச்சிருந்தது.

12/ ஹெக்சேன் என்ன பண்ணுது? கல்லீரல் அதை வேறொரு பொருளா மாத்தும். அந்தப் பொருள் நரம்பு இழைக்குள்ளே இருக்கிற நுண்ணிய நார்களை ஒன்றோடு ஒன்று பின்னிவிடும். உள்ளே சரக்குப் போக்குவரத்து அடைபடும். காட்பாடி ஜங்ஷனில் லைன் பிளாக் ஆனா ரொம்ப தூரத்து ஊருக்குத்தானே முதல்ல சாமான் போகாது? உடம்பில் ரொம்ப தூரத்து ஊர் கால் விரல். முதுகிலிருந்து அதுவரை நரம்பு கிட்டத்தட்ட ஒரு மீட்டர்.

13/ அதனால முதல்ல கால் விரல் மரத்துப் போகும், ரெண்டு காலும் ஒரே மாதிரி. அப்புறம் பாதம், கை விரல். பிறகு பலம் குறையும்: படி ஏற, உட்கார்ந்து எழுந்திருக்கச் சிரமம். மரத்துப் போறதைப் பற்றி நாங்க ஓ.பி.யில் வழக்கமா கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "நடக்கும்போது செருப்பு கழன்றா தெரியுதா?" ஊருக்கெல்லாம் செருப்பு ஒட்டின ஒருத்தருக்குத் தன் செருப்பு கழன்றது தெரியலைன்னா, அதைவிடக் கொடுமை என்ன இருக்கு?

14/ இதில் டாக்டர் பக்கம் ஒரு சிக்கல். கால் மரத்தா சர்க்கரை பார்ப்போம், பி12 பார்ப்போம். பார்க்கணும், அவைதான் அதிகம். ஆனா அதோட நிறுத்தினா இது தப்பிடும். "அக்கா, என்ன வேலை?" "கம்பெனிக்குப் போறேன் டாக்டர்." "எந்த செக்ஷன்?" இந்த மூணாவது வரியில்தான் விஷயம். தையலா, கட்டிங்கா, சொல்யூஷன் அடிக்கிற இடமா? 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமாஸினி எழுதினார்: நோயாளியிடம் உன் தொழில் என்னன்னும் கேளு. 300 வருஷம் தாண்டியும் அவசரத்தில் விட்டுப்போகிற கேள்வி அது.

15/ இன்னொரு விசித்திரம். வேலையை நிறுத்தின பிறகும் சில வாரம், சில மாசம் அறிகுறி கூடலாம். "வேலையை விட்டும் அதிகமாகுது, அப்போ காரணம் அது இல்லை"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. இந்த நோயோட சுபாவமே அப்படி. சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் மெதுவா சரியாகும். பலம் ரொம்பக் குறைஞ்ச பிறகு வந்தா முழுசாத் திரும்பாமலும் போகலாம்.

16/ வேலையிடத்தில்: வாசனை பழகிப்போச்சுன்னா ஆபத்து போச்சுன்னு அர்த்தம் இல்லை, மூக்கு களைச்சுப் போச்சுன்னு அர்த்தம். துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ளது வேணும். அதைவிட முக்கியம், ஆவி முகத்துக்கு வரும் முன்னாடி மேஜையிலேயே இழுத்துக்கிற எக்ஸாஸ்ட். தண்ணி சார்ந்த பசைகளும் இருக்கு. வெறும் கையால் சொல்யூஷன் தொடாதீங்க, தோல் வழியாவும் போகும். சாப்பாடு வேறு இடத்தில்.

17/ பயமுறுத்த எழுதலை. எல்லாப் பசையிலும் ஹெக்சேன் இல்லை. நல்ல காற்றோட்டம் வச்சிருக்கிற கம்பெனிகளும் உண்டு. மரத்துப்போற எல்லாக் காலும் பசையால் இல்லை. யாரும் வேலையை விடுங்கன்னு சொல்லலை. அந்தச் சம்பளத்தில்தான் பல வீட்டில் பிள்ளைங்க காலேஜ் போறாங்க. அந்த டப்பாவில் என்ன இருக்குன்னு தொட்டு வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான். இ.எஸ்.ஐ.யில் காட்டும்போது செக்ஷனையும் எத்தனை வருஷம்னும் சேர்த்துச் சொல்லி எழுத வைங்க.

18/ ஞாயிறு: பசை காஞ்சிருக்கும். இணைப்புக் கோட்டை உப்புத்தாளில் தேய்ச்சு மறைங்க. பெயின்ட் தண்ணியில் கரையற அக்ரிலிக் போதும். ஒரே தடவை தடியா அடிக்காம ரெண்டு மூணு தடவை மெல்லிசா. கடைசியா சின்னங்கள்: வெதுவெதுப்பான தண்ணியில் அரை நிமிஷம் நனைச்சு, தாளிலிருந்து மெதுவா நகர்த்தி வைக்கணும். மூவர்ண வட்டம் இறக்கையில் உட்காரும்போது பெரியவங்களுக்கும் ஒரு சின்னப் பிள்ளைச் சிரிப்பு வரும். பிள்ளைங்களோட சேர்ந்து செய்ங்க. பசை வேலை மட்டும் உங்க கையில் இருக்கட்டும்.

19/ ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஷூ கம்பெனியில் சொல்யூஷன் அடிக்கிற அம்மா, அக்கா, அண்ணன் யாராவது இருந்தா, இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது சும்மா கேளுங்க: "நடக்கும்போது செருப்பு கழன்றா தெரியுதா?" ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு பதில் சொன்னாங்கன்னா, இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. செக்ஷன் பெயரை நீங்களே சொல்லுங்க.